எழுதுவதற்கும் வருஷ வாடகையா?

புதுக்கோட்டை மேல ராஜ வீதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நாலு பக்கம். விஷயத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். போன வருஷம் அவளுக்காக ஒரு மடிக்கணினி வாங்கினார்கள். அதில் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ஆன மென்பொருள், வோர்டு, எக்ஸெல் என்கிறோமே அதெல்லாம், ஒரு வருஷத்துக்கு இலவசமாக வந்தது. வருஷம் முடிந்துவிட்டது. இப்போது பெட்டியைத் திறந்தால் போதும், "சந்தாவைப் புதுப்பியுங்கள்" என்று திரையில் வந்து நிற்கிறதாம். வருஷத்துக்கு ஏழாயிரம் ரூபாய்ப் பக்கம் கேட்கிறதாம்.

இதில் சகோதரிக்கு ஒரு சங்கடம். அவர் தெருவில் உள்ள மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவர். பதினைந்து பேருடைய சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் ஒரு வருஷமாக அந்த எக்ஸெலில்தான் இருக்கின்றன. "பெண்ணின் படிப்புக்கு என்றால் கட்டலாம், உன் குழுக் கணக்குக்கு ஒரு நாற்பது ரூபாய் நோட்டு போதாதா?" என்கிறாராம் வீட்டுக்காரர். "கடைக்கார அண்ணன் ஐந்நூறு ரூபாய்க்கு எல்லாவற்றையும் போட்டுத் தருகிறாராம், அம்மா" என்கிறாளாம் மகள். நான் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இதே கேள்வி இப்போது எத்தனையோ வீடுகளில் இருக்கும் என்பதால் எல்லோருக்குமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன், சகோதரி. உங்கள் கணக்கு எங்கேயும் போய்விடாது. சந்தா தீர்ந்த பிறகும் அந்த மென்பொருள் உங்கள் கோப்பைத் திறந்து காட்டும், அச்சடித்தும் தரும். புதிதாக எழுதவோ திருத்தவோதான் விடாது. பதினைந்து பேரின் பணக் கணக்கு பூட்டுக்குள் மாட்டிக்கொண்டதோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கவலை வேண்டாம். அதே கோப்பைத் திறந்து எழுதக்கூடிய இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சந்தா என்பது என்ன? நம் வீட்டில் பத்திரிகைக்குக் கட்டுகிறோமே, அந்தச் சந்தா மாதிரி என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினால் புது இதழ் வராது, அவ்வளவுதான். தொடர்கதையைக் கிழித்து எடுத்துப் பைண்டு செய்து வைத்திருக்கிறோமே, அதை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போவதில்லை. ஓரத்தில் நாம் பென்சிலால் குறித்ததைத் தடுப்பாரும் இல்லை. மென்பொருள் சந்தா அப்படி அல்ல. இது வீட்டு வாடகை ஜாதி. இருக்கிற வரைக்கும் சௌகரியம். கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். வாடகை நின்றால் சமையல் கட்டில் அடுப்பு மூட்ட முடியாது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பெட்டியில் ஒரு தட்டு வரும். ஒரு தடவை பணம் கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டர் உள்ளவரை உபயோகிக்கலாம். மைக்ரோசாப்ட் கம்பெனி 2011-ல் 'ஆபீஸ் 365' என்ற பெயரில் அலுவலகங்களுக்குச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. 2013-ல் அது வீடுகளுக்கும் வந்தது. 2020-ல் பெயரை 'மைக்ரோசாப்ட் 365' என்று மாற்றினார்கள். இப்போது கடைக்காரர்களைக் கேட்டால் சந்தா ஒன்றுதான் இருக்கிறது என்பது போலப் பேசுகிறார்கள். அது சரியல்ல. ஒரே தடவை பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் 'ஆபீஸ் ஹோம் 2024' என்று ஒன்று இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்று. வோர்டு, எக்ஸெல், பவர்பாயின்ட், ஒன்நோட் அதில் உண்டு. அடுத்த பதிப்பு வந்தால் அது இனாமாகக் கிடைக்காது. ஆனால் ஒன்று: ஒரே தடவை வாங்கியதும் சாசுவதம் அல்ல. 2016, 2019 பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினாலும் அவை ஓடும். காவல்காரன் இல்லாத வீடு மாதிரி ஓடும்.

இனி அந்த ஐந்நூறு ரூபாய் அண்ணன் சமாசாரம். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அது வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டுத் தருவது திருட்டுப் பிரதி. திருட்டு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பூட்டை உடைத்துத் தருகிறவன் எந்தச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிரதியைப் போடும்போது வைரஸ் தடுப்பை அணைத்துவைக்கச் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? பதினைந்து பெண்களின் வங்கிக் கணக்கு எண்களும் ஆதார் நகல்களும் உள்ள பெட்டியில் இந்த விளையாட்டு கூடாது.

சரி, பணம் கொடுக்காமல், திருடாமல் கிடைப்பது எது?

'லிப்ரே ஆபீஸ்' என்று ஒன்று. இதற்குப் பின்னால் ஒரு ருசியான கதை உண்டு. ஜெர்மனியில் மார்கோ போரீஸ் என்ற பதினாறு வயதுப் பையன் 1985-ல் ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தான். அவன் செய்த மென்பொருளுக்கு ஸ்டார் ஆபீஸ் என்று பெயர். 1999-ல் அமெரிக்காவின் சன் கம்பெனி அதை விலைக்கு வாங்கி, அடுத்த வருஷமே, "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்" என்று திறந்துவிட்டது. அது ஓபன் ஆபீஸ் ஆயிற்று. பிறகு சன் கம்பெனி கைமாறியது. புது எஜமானரை நம்பாமல், 2010-ல் அதில் வேலை செய்தவர்கள் பிரிந்து வந்து ஓர் அறநிறுவனம் அமைத்து நடத்துவதுதான் லிப்ரே ஆபீஸ். எழுத ரைட்டர், கணக்குக்குக் கால்க், படம் காட்ட இம்ப்ரெஸ். பணம் கிடையாது; தவணை கிடையாது; இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் ஓடும். உங்கள் எக்ஸெல் கோப்பை அது திறக்கும், எழுதும், அதே வடிவில் சேமித்தும் தரும்.

இது என்னமோ எங்கேயோ உள்ள சமாசாரம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனமே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டி லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்தார்களே, அதில் விண்டோஸோடு கூட 'பாஸ்' என்ற நம் நாட்டு லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காத வீடுகள் எத்தனையோ! கேரளப் பள்ளிக்கூடங்களில் இலவச மென்பொருளிலேயே பிள்ளைகள் படித்து வருகிறார்கள். அதனால் அவர்கள் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. (2026 ஜனவரியிலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் அரசு மடிக்கணினி வந்தது அல்லவா? உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், கூட வந்த மென்பொருளில் எது நிரந்தரம், எது சில மாதத் தவணைக்கு என்று முதல் நாளே பார்த்துக் குறித்துவையுங்கள்.)

இன்டர்நெட் சதா இருக்கும் வீடு என்றால் இன்னும் வழிகள் உண்டு. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் இலவசம். மெயில், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. இடம். மைக்ரோசாப்டே தன் வோர்டையும் எக்ஸெலையும் இன்டர்நெட் வழியாக இலவசமாகத் தருகிறது. இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். வசதிகள் சற்றுக் குறைவு, இடம் 5 ஜி.பி. பதினைந்து பேர் கணக்குக்கு அது ஏரி அளவு இடம். நம் தென்காசிப் பக்கத்திலிருந்தும் வேலை நடக்கும் ஸோஹோவின் ரைட்டர், ஷீட் இருக்கின்றன. தனி ஆளுக்கு அதற்கும் பணம் இல்லை.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் மாறவில்லை என்று கேட்பீர்கள். குறைகளையும் சொல்ல வேண்டியது என் கடமை.

வோர்டில் அழகாக அமைத்த பக்கத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால் சில சமயம் வரிகள் நகர்ந்துவிடும். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும். காரணம் பெரும்பாலும் எழுத்துரு. அந்தப் பெட்டியில் இருந்த எழுத்துரு இந்தப் பெட்டியில் இராது. ஒருவரே எழுதி ஒருவரே அச்சடித்தால் இது தெரியவே தெரியாது. மகள் தன் புராஜெக்டைப் பேராசிரியைக்கு அனுப்ப, அவர் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்ப, இப்படி ஏழெட்டுத் தடவை போய்வரும் போதுதான் தொந்தரவு. எக்ஸெலில் மேக்ரோ என்று தானாக ஓடும் சூத்திரங்கள் எழுதி வைத்திருப்பவர்களுக்கும் சிரமம். வட்டிக் கணக்குக்கும் கூட்டலுக்கும் ஒரு சிரமமும் இல்லை.

தமிழைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகம் பேர் மென்பொருளின் மேல் வீண் பழி போடுகிறார்கள். ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கிய மனு, வீட்டில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது என்பார்கள். ஏழாயிரம் ரூபாய் கட்டினாலும் அது குப்பையாகத்தான் தெரியும்! பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததன் விளைவு அது. யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்களே அடிக்க விரும்பினால், தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எடுத்துப் போகிறவர்கள், ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கடையில் கொடுப்பதை மிச்சம் பிடிக்கலாம்.

டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு, குரூப் 4 தட்டச்சர் வேலைக்காகக் 'கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்றிதழ்ப் பரீட்சைக்குத் தயார் செய்யும் பெண்கள் நம் வாசகிகளில் நிறைய உண்டு. உங்களுக்கு மட்டும் வேறு யோசனை. பரீட்சை நடக்கும் இடத்தில் என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு என்று இன்ஸ்டிட்யூட்டில் கேட்டு, அதிலேயே கை பழகுங்கள். பரீட்சை அறையில் போய் "இந்தப் பொத்தான் எங்கே?" என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காக வருஷச் சந்தா அவசியமில்லை. மாதச் சந்தா என்று ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் கட்டிப் பழகிவிட்டு நிறுத்திவிடலாம்.

சந்தா கட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுவதில் நியாயம் உள்ள வீடுகளும் உண்டு. குடும்பச் சந்தா என்று ஒன்று, தனி ஆள் சந்தாவைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையில். ஆறு பேர் வரை சேரலாம், ஆளுக்கு ஒரு டி.பி. இடம். அறந்தாங்கியில் ஓர் அக்கா, திருச்சியில் ஒரு தம்பி, எல்லோர் வீட்டிலும் காலேஜ் பிள்ளைகள் என்றால் ஆறாக வகுத்துப் பாருங்கள், கணக்கு மாறிவிடும். போட்டோவும் வீடியோவும் சேமிக்க ஏற்கெனவே எங்கேயோ பணம் கட்டிக்கொண்டிருந்தால் அதையும் இதில் கழித்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறவர்கள் அந்தக் கம்பெனி கேட்கும் மென்பொருளை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பணத்தையும் கம்பெனியையே கேளுங்கள்! கல்லூரி மாணவிகளோ முதலில் தங்கள் கல்லூரி ஆபீஸில் விசாரிக்க வேண்டும். கல்லூரி பதிவு செய்து, மாணவர்களுக்கென்று மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், ஆபீஸ் 365-இன் கல்விப் பதிப்பு ஒரு காசு இல்லாமல் கிடைக்கும். கேட்காமல் இருப்பதால் எத்தனையோ பெண்களுக்கு இது தெரிவதில்லை.

கட்டுகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு கட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே தனி ஆள் சந்தா வருஷத்துக்கு 109 டாலராக இருந்தது. கோபைலட் என்ற செயற்கை அறிவு உதவியாளரைச் சேர்த்து, 159 டாலர் ஆக்கினார்கள். அந்த உதவியாளர் வேண்டாம், பழைய விலையே போதும் என்பவர்களுக்குப் பழைய சந்தாவும் இருந்தது. ஆனால் ரத்து செய்யப் போனால்தான் அது கண்ணில் பட்டது. 27 லட்சம் பேரைத் தவறாக எண்ண வைத்தார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் கோர்ட்டுக்குப் போயிற்று. கம்பெனி மறு மாதமே மன்னிப்புக் கேட்டு, பழைய சந்தாவுக்கு மாறுகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. ஆகவே விலை ஏறியிருக்கிறது என்று கடிதம் வந்தால், ரத்து செய்யும் பொத்தான் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அழுத்த வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டிலும் ஜாக்கிரதை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 2022-ல் உச்சவரம்பை 15,000 ரூபாயாக்கினார்கள். அதாவது ஏழாயிரம் ரூபாய்ச் சந்தாவுக்கு மறுபடி ஓ.டி.பி. கேட்கவே கேட்காது, அந்த ஒரு குறுஞ்செய்திதான் உங்களுக்கு மணி. அது வீட்டுக்காரர் போனுக்குப் போய், அவர் பார்க்காமல் விட்டால் பணம் போய்விடும். யாருடைய பணமோ அவருடைய போன் எண்ணைக் கொடுங்கள்.

இப்போது வீட்டுக்காரர் சொன்ன நாற்பது ரூபாய் நோட்டுக்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, சிக்கனமான மனுஷர். ஆனால் புதுக்கோட்டைக்காரருக்கு நான் இதை நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. 1991-ல் உங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததோடு நில்லாமல் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்கிறவர்கள், நர்ஸுகள், ஆசிரியைகள் என்று ஆயிரம் ஆயிரமாகக் கற்றுக்கொண்டார்கள். "பொம்பிளைக்கு எதற்குச் சைக்கிள்?" என்று கேட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கேலி பேசினார்கள். இவர்கள் பெண்கள் சைக்கிள் கிடைக்காவிட்டால் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். குழந்தையை அந்தக் கம்பியில் உட்கார வைக்க வசதியாகத்தான் இருந்தது! தண்ணீர் கொண்டுவரவும், விளைந்ததை விற்றுவரவும் பஸ்ஸுக்குக் காத்திராமல் போனார்கள். இயக்கத்தில் வேலை செய்த பெண்கள் சொந்தமாகச் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் கலெக்டரம்மா ஏற்பாடு செய்தார். கற்றுக்கொள்ளும்போது வாடகைச் சைக்கிள். தினமும் ஓட்டுவதென்றால் சொந்தச் சைக்கிள்.

குழுவுக்கு வங்கிக் கடன் கிடைப்பது எதைப் பொறுத்தது? ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், அன்றைக்கன்று எழுதிய கணக்கு. இந்த ஐந்தைத்தான் வங்கிக்காரர் பார்க்கிறார். ஐந்தாவது உங்கள் கையில் இருக்கிறது, சகோதரி. பதினைந்து குடும்பத்தின் கடன் வரும்படி அதில் தொங்குகிறது. அது பெண்ணின் படிப்பைவிடக் குறைந்த காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும், அதற்காக ஏழாயிரம் ரூபாய் கட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுக்கு வருஷச் சந்தா தேவையில்லை. இப்படிச் செய்யுங்கள்.

இந்த வாரமே ஒரு பென் டிரைவ் வாங்குங்கள். குழுக் கணக்கு, மகளின் பாடங்கள் எல்லாவற்றையும் மடிக்கணினியிலிருந்தும் ஒன்டிரைவ் என்ற மேகக் கிடங்கிலிருந்தும் அதில் பிரதி எடுங்கள். போட்டோக்கள் அந்தக் கிடங்கில் 5 ஜி.பி.க்கு மேல் நிறைந்திருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள். சந்தா போனபின் அளவுக்கு மேல் உள்ளதை அவர்கள் பல மாதங்கள் பொறுத்துவிட்டு அழிக்கவும் கூடும். பிறகு லிப்ரே ஆபீஸை அதன் சொந்த வலைத்தளத்திலிருந்து மட்டும் மகளை விட்டு இறக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நாற்பது ரூபாய் நோட்டையும் வாங்கத்தான் வேண்டும், அதில் வீட்டுக்காரர் சொன்னது சரிதான். மாதாமாதம் கூட்டம் முடிந்ததும் அந்த மாதக் கணக்கை அச்சடித்து, நோட்டில் ஒட்டி, பதினைந்து பேரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வங்கிக்காரர் திரையைப் பார்க்கமாட்டார்; கையெழுத்தைத்தான் பார்ப்பார்.

மகளுக்குக் கடைசி வருஷப் புராஜெக்ட் வரும்போது, கல்லூரியிலும் இலவசமாகக் கிடைக்கவில்லை என்றால், அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் மாதச் சந்தா கட்டிக்கொள்ளுங்கள். கட்டும் அன்றைக்கே, அதை நிறுத்த வேண்டிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள். மகளை நம்பி விடாதீர்கள். பரீட்சை முடிந்த பெண்ணுக்கு அதெல்லாம் ஞாபகம் இராது.